வேர்க்கடலைச் சுண்டலும் என் நடிப்பும்

சிரிப்பு காட்டினால்தான் கூட்டம் கவனிக்கும் என்று நம்பிய முட்டாள் டாக்டர் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு, குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர எங்கள் குழந்தை மருத்துவர் சங்கம் போயிருந்தது. நான் கழுத்தைப் பிடித்து, விழி பிதுங்க மூச்சுத் திணறி நடித்தேன். கூட்டம் சிரிக்கச் சிரிக்க நடிப்பை நீட்டினேனே தவிர, பாடத்துக்கு வரவே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு பெண் கையில் குழந்தையோடு எழுந்தாள். "சார், புள்ளைக்கு மூச்சு வர்ல."

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாம்மா, என்னைவிட நல்லா நடிக்கிற," என்றேன்.

குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. பாய்ந்து ஓடினேன். சின்னக் குழந்தைக்குக் கடலை கொடுக்காதீர்கள் என்று சொல்ல வந்த நாங்களே வாசலில் வேர்க்கடலைச் சுண்டல் கொடுத்திருந்தோம். குழந்தையைத் தொடையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டியதும் கடலை தெறித்து விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

அத்தனை இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. குழந்தையை நீட்டி, "மன்னிச்சிடும்மா," என்றேன்.

அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எப்டி தட்டுறதுன்னு மொதல்ல சொல்லிக் குடு சார்."