ஒருநாள் வந்த வான்

கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த மேலதிக நிதி, எந்தப் பிள்ளைகளைக் காட்டி வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளைகளைத் தவிர மற்றெல்லோருக்கும் பயன்பட்டது. கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. நான் கணித ஆசிரியை. கூட்டிச் சொல்வது எனக்கே பிடிக்காது. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

தலைமன்னார் வீதியிலிருந்து பிரிந்து, காற்றாலைகளைத் தாண்டிப் போகும் மண் வீதியின் முடிவில் ஒரு மீன்பிடிப் பாடு இருக்கிறது; மீனவர் குடியிருப்பைப் பாடு என்பது எங்கள் வழக்கம். படகுகள் இழுத்து விட்டிருக்கும் கரை, ஒரு கத்தோலிக்கக் கோயில், கொஞ்ச வீடுகள். அங்கிருந்து போன வருடம் என் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தது. தகப்பன் வேறொருவருடைய படகில் கூலிக்குப் போகிறவர். தாய் கருவாடு போடுகிறவர்.

அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும். நான் கரும்பலகையில் இரண்டாவது வரியை எழுதும்போதே அவள் நாலாவது வரிக்குப் போயிருப்பாள். ஆனால் இடம் மாறி இடம் மாறிப் படித்ததில் அடிப்படைகள் சில விட்டுப்போயிருந்தன. பின்னமும் சதவீதமும் வந்தால் அப்படியே நின்றுவிடுவாள். பின்னேர வகுப்பு ஒழுங்காகக் கிடைத்தால் அந்த ஓட்டைகளை அடைத்துவிடலாம். பதினோராம் வகுப்பில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தரம் இல்லை. உயர்தரம் இல்லாவிட்டால் பாட்டில் பெண்பிள்ளைகளுக்கு நண்டுக் கம்பெனிதான். விடியவிடிய நின்று அவித்த நண்டு உடைக்க வேண்டும்.

போன வருடத் தொடக்கத்தில் உதவி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆங்கிலம் தெரியும் என்பதால் பள்ளிக்கூட அதிபர் என்னை அவர்களோடு பாட்டுக்கு அனுப்பினார். பிள்ளையின் வீட்டு வாசலில் கதிரை போட்டு, குளிர்ந்த சோடா கொடுத்தார்கள். வந்தவர்கள் வீட்டைப் படம் எடுத்தார்கள், கருவாட்டுப் பந்தலைப் படம் எடுத்தார்கள், பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். பிறகு தாயிடம், மகளுடைய படிப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

"பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு படிச்சுப்போட்டு வாறதுக்கு ஒரு வாகனம் வேணும். ரெண்டு மணி பஸ்ஸை விட்டா, அடுத்தது இருட்டினாப்பிறகுதான் ரீச்சர்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். எழுதிக்கொண்டார்கள்.

காசு வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் நான் முதல் ஆளாக எழும்பி, "சேர், முதலில பாட்டுப் பிள்ளையளை ஏத்தி இறக்க வானை ஒழுங்குபடுத்துவம்" என்றேன்.

அதிபர் சிரித்தார். "ரீச்சர், வானுக்குக் குடுக்கிற காசு டீசலாப் புகைஞ்சு போயிடும். நாளைக்கு அவை வந்தா எதைக் காட்டுறது? புகையையோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கட்டினா நிக்கும்," என்றார்.

"பிள்ளையள் நிக்காதுகளே சேர்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இது ஒரு நோய். எந்த உதவி வந்தாலும் அதை ஒரு சுவராக்கி, சுவரில் ஒரு கல்லைப் பதித்து, கல்லுக்கு ஒரு திரை போட்டு, திரையை இழுக்க ஒருவரை மாலையோடு அழைத்து வந்தால்தான் உதவி வந்ததாகக் கணக்கு. ஓடுகிற வானில் கல் பதிக்க முடியாது. ஆகவே பழைய களஞ்சிய அறைக்கு மாபிள் பதித்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, தொட்டால் எழுதும் பெரிய திரை. வாசலில் 'சப்பாத்துகளைக் கழற்றவும்' என்று அறிவித்தல். கல்லில் 'பின்தங்கிய மாணவர்களுக்கான கற்றல் நிலையம்' என்று பொன் எழுத்து. பின்தங்கியவர்கள் யாரென்று கல்லுக்குத் தெரியாது.

என் பின்னேர வகுப்பு அங்கே இரண்டரைக்குத் தொடங்கியது. முதல் நாள் உள்ளே இருந்தவர்கள் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரின் பிள்ளைகள், வங்கிக்காரரின் பிள்ளைகள், எங்கள் ஆசிரியர்களின் பிள்ளைகள். எல்லோரும் டவுனில் இருப்பவர்கள், எல்லோருக்கும் ஏற்கெனவே டியூசன் உண்டு. இந்தப் பிள்ளைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒருத்தி குளிருக்கு சுவெட்டர் கொண்டு வந்தாள். மன்னாரில், வைகாசி மாதத்தில், சுவெட்டர்!

பாட்டுப் பிள்ளைகளில் நாலு பேர் வழமைபோல இரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். கணக்கு வரும் அந்தப் பிள்ளை மட்டும் முதல் நாள் நின்று படித்தாள். இருட்டும் வரை பஸ் நிலையத்தில், டவுனில் அலையும் கழுதைகளோடு நின்றாள். தேடிப் பயந்த தகப்பன் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு டவுனுக்கு வந்தார். அவர் வந்த நேரத்தில் படகு அவரில்லாமல் தொழிலுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கந்தோர் வாசலில் நின்று, உள்ளே இருந்த அதிபருக்கும் கேட்கும்படியாக என்னிடம் கேட்டார்.

"படம் எடுக்கேக்க எங்கட வீட்டுக்கு வழி தெரிஞ்சுது. பிள்ளையைக் கொண்டுவந்து விடேக்க மட்டும் வழி தெரியாமப் போச்சோ ரீச்சர்?"

அதிபர் வெளியே வந்தார். "அம்மா, நாங்கள் வசதியைச் செய்து குடுத்திட்டம். பாவிக்கிறது உங்கட பொறுப்பு."

"குளத்தை வெட்டிப்போட்டுக் கால் இல்லாதவனை வந்து குடி எண்டுறீங்கள், என்ன சேர்?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கந்தோர்க் கதவு மரக்கதவு. நன்றாகச் சத்தம் கேட்டது.

அந்தத் தவணை முடிவில் பாட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் கணிதத்தில் விழுந்தார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது இரண்டு பெண்பிள்ளைகள் வரவில்லை. நண்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். "அம்மா என்னையும் கேட்டுக்கொண்டிருக்கிறா ரீச்சர்," என்றாள். சொன்னபோது அவளுடைய கண் என்னிடம் இல்லை. அரைவாசியில் நின்ற ஒரு பின்னக் கணக்கில் இருந்தது.

இந்த வருடம் உதவி கொடுத்தவர்கள் பார்வையிட வந்தார்கள். அதற்கு முதல் நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "பாட்டுப் பிள்ளையள் மூண்டு பேரும் நாளைக்கு அறைக்குள்ள முன்வரிசையில இருக்கவேணும். திரும்பிப் போறதுக்கு வான் பிடிச்சிருக்கிறன்" என்றார்.

வான் பிடித்திருக்கிறாராம்! வான் கிடைக்காது, சாரதி கிடைக்காது, அனுமதி கிடைக்காது என்று ஒரு வருடமாக எனக்குச் சொன்ன அதே வாய். ஒரு நாளுக்கு எல்லாம் கிடைத்தது.

வந்தவர்களில் ஒரு பெண், முன்வரிசையில் இருந்த அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டு, சிரித்தபடி பக்கத்தில் இருந்து கேட்டார். மொழிபெயர்க்க நான் நின்றேன்.

"வகுப்பு முடிய எப்படி வீட்டுக்குப் போவீர்கள்?"

"இண்டைக்கு வான்ல."

"மற்ற நாட்களில்?"

"மற்ற நாளில நாங்கள் இங்க வாறேல்லை. இந்த அறைக்குள்ள இண்டைக்குத்தான் ரெண்டாந்தரம் வாறன்."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினார். அதிபரோடு தனியாகக் கதைத்தார். போக்குவரத்தை அடுத்த வருடத் திட்டத்தில் சேர்ப்பதாக முடிவானது. அடுத்த வருடம்! அவளுடைய பரீட்சை இந்த வருடம்.

அவர்கள் போன பிறகு அதிபர், "கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம் ரீச்சர்" என்றார்.

"நீங்கள் கொஞ்சம் மாத்திச் செய்திருக்கலாம் சேர்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் அந்த அறையில் படிப்பிப்பதில்லை. பிள்ளைகளோடு இரண்டு மணி பஸ்ஸில் ஏறிப் பாட்டுக்குப் போகிறேன். கோயில் மூப்பர் மண்டபத்தைத் திறந்துவிடுகிறார். பாடகர் குழுவின் பலகையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளை ஒரு ஓரத்தில் விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் பின்னம் எழுதுகிறேன். முதல் வாரம் மூன்று பேர். இப்போது கம்பெனிக்குப் போன இருவரில் ஒருத்தி, வேலை இல்லாத நாட்களில் வந்து பின்னால் இருக்கிறாள். மற்றவள் வரவில்லை. இனி வரவும் மாட்டாள்.

திரும்பி வர பஸ் இல்லை. மீன் ஏற்ற வரும் ஐஸ் லொறியில் முன்னுக்கு ஏறி டவுனுக்கு வருகிறேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். அந்த வேலைக்கென்று காசு வந்தது. அது இப்போது பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

போன கிழமை ஒரு பின்னேரம் லொறியால் இறங்கிய கையோடு, பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த விடைத்தாள்களை எடுக்கப் போனேன். அதிபர் வாசலில் நின்றார். முகத்தைச் சுழித்து, "ரீச்சர், மீன் மணக்குது" என்றார்.

"ஓம் சேர். பின்தங்கிய மாணவர்களுக்கான கற்றல் நிலையத்தில இருந்து வாறன்."

விடைத்தாள்களில் அவளுடையதுதான் மேலே இருந்தது. பின்னக் கணக்கு ஆறில் நாலு சரி. இன்னும் இரண்டு இருக்கிறது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.