தங்கப்பிள்ளை அக்காவின் பிறப்பிடம்

தங்கப்பிள்ளை அக்கா காலமான செய்தி வந்தபோது நான் மிசிசாகாப் பக்கம் கார் நெரிசலில் நின்றேன். அழைத்தவள் அவருடைய மகள் நிரோஷி. அழுது ஓய்ந்ததும் மரண அறிவித்தல் எழுதித் தரச் சொன்னாள். கேட்காமல் விடுவாளா? என் தமிழ் இல்லாமல் போகும் ரொறன்ரோக்காரரை மேலுலகத்தில் வாசலோடு திருப்பி விடுகிறார்கள் என்பது ஊரறிந்த விடயம்.

"பிறந்த இடம் திருகோணமலை எண்டே போடுங்கோ அங்கிள். அப்பாட அறிவித்தலில அம்மம்மாக்குப் போட்ட மாதிரி. மாமி வீட்டாக்கள் பாப்பினம்."

அந்தத் திருகோணமலை என் கைவேலைதான். முன்பே காலமான அக்காவின் கணவர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய அறிவித்தலில், காட்டோரம் வாழ்ந்த அக்காவின் வேடர்குலத் தாயைத் திருகோணமலைப் பட்டினவாசியாக்கி, அவரை அந்தத் தாயின் மருமகன் என்று எழுதியிருந்தேன். கௌரவம் செய்ததாக நினைப்பு.

"என்ட அம்மாவை ஏன் தம்பி திருகோணமலைக்குக் குடியேத்தினீங்க?" என்று மட்டும் அப்போது அக்கா கேட்டார். பிறகு அந்த அறிவித்தலைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, தொடையில் வைத்துத் திரித்து நூலாக்கி, வீட்டுத் தறியில் தான் நெய்துகொண்டிருந்த வேலைக்குள் ஏற்றிவிட்டார். என் எழுத்துக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் உலக வரலாற்றில் வந்ததில்லை.

புயல் அடித்த மறுநாள் வீதியில் முறிந்து கிடக்கும் கிளைகளில் நார் உரியும் மரத்தைக் கண்டால் அக்கா என் காரை மறிப்பார். பட்டையை வோபர்ன் பகுதியில் இருந்த தன் வீட்டுக் குளியல் தொட்டியில் மூன்று வாரம் ஊறப்போடுவார். அந்த நாற்றத்துக்கு ஸ்காபரோ அணில்கள் குடும்பத்தோடு மொன்றியலுக்குப் போனதாகக் கேள்வி. தேன் எடுக்கப் போகிறவர்களுக்கு அவருடைய தாய் அப்படித்தான் கயிறு திரித்தாராம்.

அந்த நாரோடு அரிசிச் சாக்கு நூலும் கிழிந்த சாரத் துணியும் சேர்த்து நெய்ததுதான் சுவரில் மாட்டுவதற்கான அவருடைய பெரிய தொங்கல். இரு ஓரமும் இரும்பு மாதிரி இறுக்கம். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு குறுக்கே ஓடும் ஊடு நூலே இல்லை. நெடுக்கே ஓடும் பாவு நூல்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். முடியவில்லையா என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஆமிட காவல் சென்றி, அந்தப் பக்கம் இயக்கத்துட சென்றி. நடுவில இருக்கிற வெளிதான் எங்கட ஊர்," என்றார்.

ஓரத்தையும் அவர் நிம்மதியாக விட்டதில்லை. ஒவ்வொரு கிழமையும் அவிழ்த்து, ஒரு விரல் தள்ளி மறுபடி நெய்வார்.

இம்முறை உண்மையை எழுதி அனுப்பினேன். நிரோஷி அதை வேறொருவரிடம் கொடுத்து மாற்றினாள். நீங்கள் பத்திரிகையில் வாசித்தது அதைத்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் அவளே அழைத்தாள். "அம்மாட ஊரை உங்கட பேரில எழுதுங்கோ அங்கிள். வீட்டுப் பேரில வேண்டாம்."

ஆகவே என் பெயரில்: கருங்காலிமுனை என்ற எல்லைக் கிராமத்தைப் பிறப்பிடமாகவும், வோபர்னை வதிவிடமாகவும் கொண்ட, வேடர்குலத்துப் பூமாலையின் மகள் தங்கப்பிள்ளை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு கேள்வி. இப்போது யாருக்கு அறிவித்தல் எழுதினாலும், "உண்மையா எங்க பிறந்தவர்?" என்று கேட்கிறேன். சிலர் உடனே சொல்கிறார்கள். சிலர், வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.