கடைக்கென்று வாங்கிய ஸ்பேனர்கள்

என் வீட்டுக்காரர் ஸ்பேனர் வாங்கப் போனால் சட்டைப்பையில் ஒரு போல்ட்டைப் போட்டுக்கொண்டு போவார். மூலை மழுங்காத புது போல்ட். கடைக்காரர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு ஸ்பேனரையும் அதில் மாட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். மயிரிழை ஆடினாலும் அது வேண்டாம். கட்டிங் பிளேயர் என்றால் வாயை மூடி விளக்குக்கு நேரே பிடிப்பார். இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. பளபளவென்று இருந்தால் அதன்மேல் சந்தேகம் வந்துவிடும். "மேல இருக்கறது பூச்சு. கீழ என்ன இரும்புன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

இவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே ஹார்டுவேர் கடைக்காரருக்குக் கிலி பிடித்துவிடும். "சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடறவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல இவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதை அங்கேயே சொல்லியிருப்பேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள் என்று விட்டுவிட்டேன்.

இவருக்கு வேலை பிஸ்கெட் கம்பெனியில். அட்டைப்பெட்டிகள் வரும், இவர் சரிபார்த்து லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பகலெல்லாம் பெட்டியோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இன்னொரு பெட்டி. கனத்த இரும்புப் பெட்டி, உள்ளே பலகை, பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் இவரே குடைந்த பள்ளம். ரிங் ஸ்பேனர்கள் அளவு வாரியாகப் படுத்திருக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் அப்படி வரிசையாகப் படுத்துத் தூங்கியவை அவைதான். தெரு முழுக்க இவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர்.

எல்லாம் ஒரு கடைக்காக. ஓய்வு பெற்ற மறுநாளே முன்னறையில் ஸ்கூட்டர், மோட்டார் எல்லாம் பழுது பார்க்கும் கடை திறக்க வேண்டும். அந்த அறை தெருவைப் பார்த்து இருந்ததால்தான் இந்த வீட்டையே வாங்கினார். சமையலறையில் நான் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அதையெல்லாம் இவர் பார்க்கவே இல்லை. முன்னறையில் ஒரு நாற்காலி போடக்கூட எனக்கு உரிமை கிடையாது. வந்தவர்களைப் படுக்கையறைக் கட்டிலில் உட்காரவைத்துத்தான் பேசினேன், இத்தனை வருஷமும்.

அந்தப் பெட்டியிலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு திருப்புளிகூட வெளியே வராது. வீட்டுக்கென்று தனியாக ஒரு செட் உண்டு. கம்பெனி ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுத்த மஞ்சள் பிளாஸ்டிக் பை. அதை வாங்கி வந்த அன்றே பிரித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இது இரும்பாம்மா? பிசைஞ்ச மாவு. ரெண்டு தடவை அழுத்தினா வாய் பொளந்துக்கும்." இத்தனையும் தெரிந்த மனுஷன்தான் அதை வைத்துக் குழாயைத் திருகினார், மின்விசிறியைக் கழற்றினார், தன் ஸ்கூட்டரையே பிரித்துப் பூட்டினார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "நல்லது கடைக்கு."

ஓய்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது கொல்லைப்புறத் தண்ணீர் மோட்டார் ஒழுக ஆரம்பித்தது. மூடியைக் கழற்றினால்தான் உள்ளே வாஷர் மாற்றலாம். நாலு போல்ட்டில் மூன்று வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. மஞ்சள் பை ஸ்பேனர் அதன் மூலையை வழித்து எடுத்ததுதான் மிச்சம்.

"ஏங்க, பெட்டியைத் திறந்து ஒண்ணை எடுங்களேன். ஒரு நிமிஷ வேலை."

"அதுல துரு ஒட்டும். முதல் கீறல் கடையிலதான் விழணும்."

சொல்லிவிட்டு ஸ்பேனர் முனையில் ஒரு பைப்பைச் செருகி, உடம்பு பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். இவர் சொன்னபடியே அதன் வாய் பிளந்தது. வழுக்கிய வேகத்தில் வலது கை போய் மோட்டார் கீழிருந்த இரும்புச் சட்டத்தின் கூரான விளிம்பில் மோதிக் கிழிந்தது. நான் ஓடி வந்தபோது கையை மடியில் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை மடக்கும் நாண்கள் அறுந்துவிட்டன என்றார் டாக்டர். தைத்தார்கள். காயம் ஆறியது. கட்டைவிரலைத் தவிர எதுவும் மடங்கவில்லை. இனி ஒரு தம்ளரைப் பிடிப்பதே கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், இவரிடமும் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம்.

ஓய்வு பெற்றார். மறுநாள் முன்னறைக் கதவு திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அலமாரியில் விருந்தாளிக்கென்று பூட்டி வைத்திருந்த கண்ணாடி தம்ளர்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். அன்றிலிருந்து தண்ணீர் அதில்தான். ஒன்று உடைந்தது. உடையட்டும் என்று பெருக்கித் தள்ளினேன்.

இவர் தம்பி வந்தார். அவருக்குச் சைக்கிள் கடை உண்டு.

"அண்ணே, பெட்டி சும்மாதானே கிடக்கு. நான் எடுத்துட்டுப் போகட்டுமா? பத்திரமா வச்சுக்கறேன்."

"கை சரியாயிட்டா எனக்கு வேணும்டா" என்றார் இவர்.

தம்பி என்னைப் பார்த்தார். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மோட்டார் மட்டும் அப்படியே கிடந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் கழற்றிய மூன்று போல்ட்டையும் திரும்ப மாட்டி, ரப்பரும் துணியும் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார், ஒழுகல் நிற்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் இன்று நாளை என்றார். ஒருநாள் காலையில் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். வருஷக்கணக்கில் பார்த்த பழக்கத்தில் எது எந்த அளவு என்று எனக்கும் தெரியும். போல்ட்டைச் சுற்றிலும் கவ்வும் ரிங் ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

மூலை மழுங்கிய அந்தப் போல்ட்டில் அதை அழுத்தி மாட்டினேன். கச்சிதமாகப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கிர்ரென்று ஒரு சத்தம், திரும்பிவிட்டது. நான் பல்லைக் கடித்திருக்கவே வேண்டாம். சமையலைத் தவிர வேறு வேலை அறியாத என் கைக்கே வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா ஒரு கை போனது? அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இவர்மேல் வந்த கோபத்தில்தான் அழுதேன், இரக்கத்தில் இல்லை.

நிமிர்ந்தால் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கழன்ற போல்ட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

இடது கையை நீட்டி ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். உள்ளே போய், பனியன் துணியில் எண்ணெய் தொட்டு, முழங்காலில் அழுத்தி வைத்து, துரு போகும்வரை துடைத்தார். அதன் பள்ளத்தில் படுக்க வைத்தார். மூடியை இறக்கிச் சாவியைப் போட்டார். இடது கைக்கு அது திரும்பவில்லை. வலது கையின் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார்.

"நீ பூட்டும்மா" என்றார். "கடைக்கு வேணும்."

பூட்டிச் சாவியை இவர் சட்டைப்பையில் போட்டேன். உள்ளே அந்தப் புது போல்ட் இருந்தது.