எலுமிச்சம்பழம் தடுத்த பெனால்டி

எங்கள் கிளப் செயலாளர் பொய் சொன்னார். ஆவடியில் இருக்கும் தன் சொந்தக் கல்யாண மண்டபத்தில், மேடை ஏறி, மைக் பிடித்துச் சொன்னார். கடைசி ஆட்டத்தில் வந்த பெனால்டியைத் தடுத்தது கோல்கீப்பர் இல்லையாம். இரண்டு எலுமிச்சம்பழங்களாம். அந்தக் கோல்கீப்பர் நான்.

கூட்டம் கை தட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் டிஃபெண்டரும் தட்டினான்.

"நீ இன்னாத்துக்குடா தட்டுற? நீயும்தானே அங்க நின்னே?"

"பிரியாணி அவரோடது மாமே. சும்மா இரு."

நான் பிழைப்புக்குக் கோல் காக்கிறவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனி டீமில் ஆரம்பித்தேன். கம்பெனி டீமைக் கலைத்ததும் கிளப் கிளப்பாக மாறி இங்கே வந்தேன். வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம். புதுப்பிப்பதா வேண்டாமா என்று செயலாளர் ஒருவரே முடிவு செய்வார். நாங்கள் ஆடுவது லீக்கின் கீழ்ப் பிரிவு. மேல் பிரிவில் நான் ஆடியதே இல்லை. இந்த முறை மேலே போனால், அங்கே ஒரு சீசன் நின்றுவிட்டுக் கையுறையைக் கழற்றிவிடலாம் என்று இருந்தேன். முழங்கால் அதற்கு மேல் தாங்காது. ஆசையும் அவ்வளவுதான்.

இந்த வேலையைப் பற்றி வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்தில் கோலுக்கு முன்னால் புல் கிடையாது, சரளைக்கல். விழுந்து விழுந்து இடுப்பில் தோல் போய், காலையில் புண்ணில் ஒட்டிய பெட்ஷீட்டைத் தண்ணீர் தெளித்துத்தான் பிரிப்பேன். ஒரு கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோலத் தனியாக நிற்கும். திருநின்றவூரில் வீட்டு ஓனர் ஒரு நாள் கேட்டார்: "பந்தாட்டத்துல நீ ஓடவே தேவையில்லையாமே? என் மருமவன் சொன்னான். குடுத்து வச்சவன்பா நீ."

கையுறையை எத்தனை முறை துவைத்தாலும் நாறும். லோக்கல் ட்ரெயினில் ஜன்னல் கம்பியில் மாட்டிக் காயவைப்பேன். எதிரே இருந்த அம்மா ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாடு ஏத்துறதுக்கு வெண்டர் பெட்டி தனியா கீது தம்பி, அங்க போ" என்றார். நான் போனேன். அங்கே இருந்த மீன்காரர்களும் முகம் சுளித்தார்கள்.

சீசன் நடுவில் சில ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றோம். டிஃபெண்டர்கள் நடந்து போவதுபோல ஆடினார்கள். செயலாளருக்கு அது கண்ணில் படவில்லை. "நம்ம கோலுக்குக் கண்ணு பட்டுடுச்சு" என்றார். நிலம் விற்று மண்டபம் கட்டியவர். மண்டபத்தில் மின்விசிறி நின்றாலும் கண்ணு பட்டது என்றுதான் சொல்வார். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் பிரிவு என்ற நிலை வந்தபோது, அன்று காலை குமணன்சாவடியில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்.

அவர் புது லாரிகளுக்குப் பூசை போட்டு, மந்திரித்த எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பவர். தொழிலில் நல்ல பெயர். கால்பந்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மைதானத்தில் இறங்கியதும் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி எங்க அண்ணாத்தே?"

"வண்டி இல்ல. இதான்" என்று செயலாளர் கோல் கம்பத்தைக் காட்டினார்.

"இதுக்குச் சக்கரம் இல்லியே."

"அது நகராது. பந்து உள்ள பூராம இருக்கணும். அவ்ளோதான்."

"அப்போ வாசக்கால் மாதிரி கட்டிர்றேன்" என்றார். கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு பழங்களை மந்திரித்து, கோட்டுக்கு வெளியே, கம்பத்தின் அடியில் புதைத்தார். கற்பூரம் ஏற்றினார். "இனிமே எவன் அடிச்சாலும் உள்ள பூராது" என்று உத்தரவாதம் கொடுத்தார்.

"எவன் அடிச்சாலுமா?" என்று நான் கேட்டேன்.

"எவன் அடிச்சாலும்."

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவோமே. அந்தக் கோல்ல நாங்கதான் அடிக்கணும்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "காலங்காத்தால அபசகுனமா பேசாத நைனா" என்றார்.

நாற்பது வருடமாக மைதானத்துக்கு வரும் மனிதர் அவர். பக்கம் மாறுவது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் லாரிக்கு வைத்த பழத்தின் சக்தி லாரியோடு போகும், கிளப்புக்கு வைத்த பழத்தின் சக்தி கிளப்போடு வரும் என்று நினைத்துவிட்டார்.

முதல் பாதியில் என் கோலுக்கு ஒரு பந்துகூட வரவில்லை. எதிரணி பயந்து பின்னால் நின்று ஆடியது. செயலாளர் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்தது. பக்கம் மாறினோம். பழம் இருந்த கோலில் எதிரணிக் கீப்பர் போய் நின்றான். எங்கள் ஸ்ட்ரைக்கர் அடித்த முதல் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்தது கீப்பரே இல்லாத பக்கம் அடித்தது, மேலே பறந்து போனது. அவன் எப்போதும் அப்படித்தான் அடிப்பான். ஆனால் செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியதை நான் எதிர்முனையிலிருந்து பார்த்தேன். பந்தல் போட்டவனிடம் இருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிப் போயிருந்தார்.

கம்பத்தின் அடியில் மண்டி போட்டுத் தோண்ட ஆரம்பித்தார். எதிரணிக் கீப்பர் திரும்பிப் பார்த்திருக்கிறான். அவர்களுக்குள் நடந்த பேச்சை அவனே பிறகு எனக்குச் சொன்னான்.

"இன்னா அண்ணாத்தே தேடுற?"

"மோதரம். காலையில வுழுந்துடுச்சு."

"தங்கமா?"

"பவுனு."

அந்த நேரம் பார்த்து எங்கள் டிஃபெண்டர், ஆம், பிரியாணிக்குக் கை தட்டியவன், எங்கள் பெனால்டி பெட்டிக்குள் எதிரணி ஆள் ஒருவனை இழுத்துத் தள்ளினான். பெனால்டி. ஆட்டத்தில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். எதிரணிக் கீப்பருக்கு அங்கே வேலை இல்லை. நல்ல பையன். அவனும் மண்டி போட்டு மோதிரம் தேட உட்கார்ந்துவிட்டான்.

பெனால்டி அடிப்பவன் பந்தைப் பார்க்கும்போது, கீப்பர் பந்தைப் பார்க்கக் கூடாது. ஊன்றுகாலைப் பார்க்க வேண்டும். பாதம் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் பந்து. திரும்பும் வரை அசையாமல் நிற்பதுதான் வேலை. நின்றேன். திரும்பியது. பாய்ந்தேன். பந்து கோணல் விரலில் பட்டு, நெஞ்சுக்கு அடியில் வந்து அடங்கியது. எழுந்த வேகத்தில், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்ற எங்கள் விங்கருக்குத் தூக்கி எறிந்தேன். அவன் ஓடினான். எதிரே யாரும் இல்லை. கோலில் இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவன் பந்தை மெதுவாக உருட்டிவிட்டான். உள்ளே போனது.

எதிரணி ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டது. "செயலாளர் கோட்டுக்கு வெளியதான் இருந்தாரு. உங்க கீப்பர் ஏன் குனிஞ்சிருந்தான்னு அவனத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ரெஃப்ரி நடுக்கோட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் ஜெயித்தோம். மேல் பிரிவு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மண்டபத்து விழா. சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை லாரி பூசைக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வண்டில எங்க வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

விழா முடிந்து செயலாளரைப் பிடித்தேன்.

"அண்ணே, மேல் பிரிவுக்கு என் ஒப்பந்தம்?"

"அதான் கட்டு கீதே நைனா. கீப்பர் யாரா இருந்தா இன்னா? என் மச்சான் பையன் ஐடில கீறான். ஆறடி. சும்மா நின்னா போதும்."

"பந்து வந்தா?"

"வராது."

"பழம் அந்தக் கோல்ல இருந்துச்சு. பெனால்டி இந்தக் கோல்ல வந்துச்சு. எப்டிண்ணே பழம் தடுக்கும்?"

"நான் தோண்டி எடுத்தேன்ல? எடுத்தவொடனே சக்தி இந்தப் பக்கம் வந்துடுச்சு. அந்தப் பக்கம் தொறந்துகிச்சு. அதான் கோலு."

இந்த வாதத்தில் நுழைய ஒரு இடுக்கு இல்லை. எந்தப் பக்கம் அடித்தாலும் பிடிக்கிறார். என்னைவிட நல்ல கீப்பர்.

வீடியோ இருக்கிறதே என்று தேடிப் போனேன். ஆட்டத்தைப் படம் எடுத்தவர் செயலாளர் மண்டபத்துக் கல்யாண வீடியோக்காரர். கூப்பிட்டவரை விட்டுக் கேமரா நகராது, அது அவர் தொழில் பழக்கம். இரண்டாம் பாதி முழுக்கச் செயலாளர் ஓடுகிறார், மண்டி போடுகிறார், தோண்டுகிறார். நான் பாயும் நேரத்தில் திரையில் ஒரு எலுமிச்சம்பழம் மண்ணோடு மேலே வருகிறது. பின்னால் கூட்டத்தின் கூச்சல் மட்டும் கேட்கிறது. அந்தக் கூச்சலில்தான் நான் இருக்கிறேன்.

எதிரணிக் கீப்பரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று போன் செய்தேன். "நானும் பாக்கலியே மச்சான்" என்றான். பிறகு, "அந்த மோதரம் கெடச்சிதா?" என்று கேட்டான்.

சீசன் தொடக்க விழா அதே மண்டபத்தில் நடக்கப் போகிறது. புதுக் கீப்பருக்கு அங்கே மாலை போடுவார்கள். போடட்டும். செயலாளரே, நீங்கள் அந்த பெனால்டியைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மண் தோண்டினீர்கள். இதில் எங்கேயும் நான் எந்தப் பக்கம் பாய்ந்தேன் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. ரெஃப்ரிக்குத் தெரியும், அடித்தவனுக்குத் தெரியும், பிரியாணி தின்றவனுக்கும் தெரியும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மைக்கைக் கையில் எடுங்கள். பந்து எனக்கு இடது பக்கம் வந்ததா, வலது பக்கம் வந்ததா? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.