புடலைக்கு எட்டும் வரை

அல்லிநகரத்து வீட்டுக் கொல்லையில் முள்ளையும் நாயுருவியையும் வெட்டி எறிந்துவிட்டு, குளியலறைக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிடுங்கிப் பழைய வாய்க்காலில் திருப்பிவிட்டேன். சீயக்காய்த் தண்ணீர் காய்ந்த மண்ணில் இறங்கிய வாசத்தில், சின்ன வயதில் நாங்கள் குளித்த, இப்போது இல்லாத அந்த ஓலைத்தட்டி மறைப்புக்குள் ஈரத்தலையோடு மறுபடி நின்றேன். எங்கள் வீட்டில் யார் எவ்வளவு நேரம் குளிப்பது என்பதை உடம்பின் அழுக்கு முடிவு செய்ததில்லை, கொல்லைக் கடைசியில் நின்ற புடலைக்கொடிதான் முடிவு செய்தது. குளித்த தண்ணீரை மண்வெட்டியால் மடை மாற்றிக்கொண்டே அம்மா, "ஏலே, கத்தரி தாண்டிருச்சு, புடலைக்கு இன்னும் எட்டல!" என்று குரல் கொடுக்க, தம்பியும் நானும் மார்கழிக் குளிரில் பல் கிட்டிக்கச் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருப்போம்.

தம்பிக்கு இப்போது தோட்டம் வேண்டாம். "இனி இங்கன என்னக்கா விளையப்போகுது? சிமெண்ட் போட்டா வண்டியாவது நிப்பாட்டலாம்" என்று தினமும் சொன்னான். வீட்டில் பாதி அவனுடையது. நான் கத்தரியும், கொல்லைக் கடைசியில் புடலையும் ஊன்றினேன். இந்த மண்ணை எனக்குத் தெரியும்.

இன்று காலை குளித்து முடித்துத் துண்டை எடுக்கும்போது வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே தம்பியின் குரல்:

"அக்கா, புடலைக்கு இன்னும் எட்டல. இன்னும் நாலு செம்பு ஊத்து!"