ஊஞ்சல் வரைக்கும் ஒரு நடை

அத்தைக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பைக் கெடுத்தவன் நான். கெடுத்துவிட்டுப் பழியையும் அவள்மேல் போட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வயதைக் காரணம் காட்டிப் பல வருஷம் தப்பித்தாயிற்று. இப்போது அதற்கும் தெம்பில்லை.

பெரியப்பா ஆபீஸ் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சபாக்களில் நாடகம் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தி. நகர் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. அந்த நாடகங்களில் நடிகர்களுக்குக் கால் இருப்பதே தெரியாது. மேடையின் முன்னால் மூன்று மைக்குகள் நிற்கும். கதாநாயகன், மாமனார், பால்காரன் எல்லோரும் அவற்றின் எதிரே வரிசையாக நின்று ஜோக் அடித்துவிட்டுப் போவார்கள். செத்துப்போகிறவர்கூட மைக்குக்குப் பக்கத்தில் வந்துதான் சாவார்.

அத்தை பெரியப்பாவின் கடைசித் தங்கை. பரதம் கற்றவள். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் சலங்கையை வாங்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். மாடியில் துணி உலர்த்த வருகிறவள், "ஏன் எல்லாரும் ரேஷன் க்யூவில நிக்கற மாதிரி நிக்கறேள்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் பெரியப்பாவுக்கே பொறுக்கவில்லை.

"சரி, ஒரு சீனை நீ பண்ணிக் காட்டு. எடுபட்டா அடுத்த நாடகத்துல யார் எங்க நிக்கணும், எப்படி நடக்கணும், எல்லாம் உன் பொறுப்பு" என்றார்.

அவள் எடுத்துக்கொண்டது மகனாக நான் நடித்த காட்சி. அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்ததும் மகன் ஒன்றும் பேசாமல் திரும்ப வேண்டும். சபைக்கு முதுகைக் காட்டி நடந்துபோய், அப்பா எழுந்துபோன பின்னும் ஆடிக்கொண்டிருக்கிற ஊஞ்சலைக் கையால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். அத்தை தினமும் நடக்கவைத்தாள். "அழாதே. மூஞ்சியே வேண்டாம். தோள் கொஞ்சம் இறங்கட்டும், போதும்" என்பாள்.

மைக்செட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமா இது? மைக்கை வுட்டுட்டு அந்தாண்ட போனா புள்ள பேசறது யாருக்குக் கேக்கும்?"

"அவன் பேசவே மாட்டான்."

"அப்ப என்னை எதுக்குக் கூப்ட்டீங்க?"

மயிலாப்பூர் சபாவில் நாடகம். என் காட்சி வந்தது. திரும்பி நடக்க ஆரம்பித்தேன். அதுவரை வரிக்கு வரி சிரித்துக்கொண்டிருந்த ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. என்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். முன்வரிசையில் என் வகுப்புப் பையன்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் ஓடிவந்து நடு மைக்கைப் பிடித்து, "போறதுதான் போனார், சைக்கிள் சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றேன். அப்படியொரு கைதட்டல் அந்த நாடகத்துக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

"ஏன்டா நடக்கலே?" என்று பெரியப்பா சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"அத்தை சொல்லித்தந்தது ஒண்ணுமே புரியலை, பெரியப்பா" என்றேன்.

பொய். தூக்கத்தில் எழுப்பினாலும் நடந்திருப்பேன். அத்தை ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "பாத்தியா, குழந்தைக்கே புரியலை" என்று பெரியப்பா சிரித்தார். சைக்கிள் சாவி வசனம் நாடகத்தில் நிலைத்துவிட்டது. அதன்பிறகு ஒத்திகை நடக்கிற நேரத்தில் அத்தை துணி உலர்த்தக்கூட மாடிக்கு வருவதில்லை.

போன மாதம் அடையாறில் மகளோடு இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காப்பி ஆறிடப்போறது" என்றாள்.

"அன்னிக்கு நடக்காததை இப்போ நடந்து காட்டட்டுமா அத்தை?"

"முட்டி வலிக்கப்போறதுடா" என்றாள். ஆனாலும் எழுந்து வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். காலி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். தோள் தானாகவே இறங்கியிருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று பாதியில் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன்டா திரும்பினே?" என்றாள் அத்தை. "பார்த்துண்டுதானே இருந்தேன்."