மில்லு ஓடினாலும் அணையாத கம்ப்யூட்டர்

கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அதை ஒட்டினாற்போல மாவு மில். மோட்டாரைப் போட்டால் அந்த வரிசை முழுக்க லைட்டு ஒருதரம் மங்கிவிட்டுத்தான் எரியும். யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை, என் மகள் அங்கே கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிற வரைக்கும்.

ஆமாம், செய்துதான் கொடுத்தாள். ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாக வாங்கிவந்து, கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, தானே பூட்டினாள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அவள் பூட்டிய முதல் மிஷின் அது; சரியாக ஓடினால் இன்னும் சில மிஷினும் அவளிடமே வாங்குவதாகப் பேச்சு.

கொஞ்ச நாளிலேயே இன்ஸ்டிடியூட்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மில்லு போட்டா உன் மிஷினு அணைஞ்சி அணைஞ்சி எரியுதும்மா. பசங்க அடிச்சதெல்லாம் பூடுது. ஸ்டெபிலைசர் வெச்சும் கேக்கல. நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி எடுத்துகினு போ. மிச்ச மிஷினுக்கு வேற ஆள பாத்துக்கறேன்."

அவர் போனதும் இவள் அழவில்லை. "எஸ்.எம்.பி.எஸ். தாம்மா தாங்கல" என்றாள். கரண்டை வாங்கி உள்ளே எல்லாத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அன்றைக்கே போய், வேண்டாததைத் திருப்பித் தருவதாகப் பேசி, ரெண்டு பெட்டி கொண்டுவந்தாள். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்று மங்கல்; தூக்கினால் அம்மிக்குழவி கனம். நான் பளபளப்பைத்தான் காட்டினேன்.

"நீ சொல்றதும் வாணாம், நான் சொல்றதும் வாணாம். மில்லையே கேட்டுக்கலாம். அரிசி கழுவிக் காயவையி."

கூட்டத்தில் போனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். லைட்டு மங்குவது போடும்போதுதான். அதனால் மறுநாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரம், பச்சரிசியைத் தனித்தனிப் பையாகக் கட்டிப் போனேன். ஒரு பை ஆனதும் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாக்கா, மொத்தமா குடுத்தா ஒரே ஓட்டுல முடிஞ்சிரும்ல? ஊட்ல கல்யாணமா?" என்றார் மில்காரர்.

"கல்யாணம் இல்ல நைனா, பரிட்சை. நீ போடு."

அந்த முதல் பைக்கு, பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் இவள் பளபளப்புப் பெட்டியை மாட்டியிருந்தாள். மோட்டார் உறுமினதுமே பக்கத்திலிருந்து இவள் குரல்: "ம்மா, அணைஞ்சி பூட்ச்சி!"

கனமானதை மாட்டி முடித்ததாகச் சொன்னாள். அடுத்த பையைக் கொட்டினேன். டியூப்லைட்டு கண்ணடித்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மாவுக் கையோடு ஓடிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்டிடியூட்காரர் அதையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க" என்றார்.

போட்டோம். அசையவில்லை.

"மிச்சத்தையும் நீயே பூட்டிக் குடும்மா" என்றார். "இந்த கனப் பொட்டியே போட்டுக் குடு."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இடியாப்பம்தான். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களை நிற்கவைத்து, முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன்.